பின்பக்கத்தில் இருந்த நூற்றுப் பதின்மூன்று ஈக்கள்

4-7-2022: 400
7-7-2022: 398
10-7-2022: 395
13-7-2022: 371
16-7-2022: 340
19-7-2022: 306
22-7-2022: 281
25-7-2022: 262

மேலே இருப்பவை ஒரு தட்டில் உயிரோடு இருந்த பழ ஈக்களின் எண்ணிக்கை. மூன்று நாளுக்கு ஒருமுறை, காலை பத்தரை மணிக்கு, இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, ஒத்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டவை. ஒரு கையெழுத்து எஸ். லியோனார்டுடையது. மற்றது பச்சையம்மாவுடையது.

லியோனார்ட் ராயபுரத்துக்காரர். துறைமுகத்தில் டாலி கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் கொக்கிக்குக் கீழே நின்று எண்ணுவதுதான் டாலி கிளார்க்கின் வேலை. “முப்பத்தாறு வருஷ சர்வீஸ்” என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொறுக்காது. முப்பத்தைந்து ஆண்டு, ஒன்பது மாதம், பதினாறு நாள் என்று திருத்துவார். வேலையில் சேர்ந்தது 16-8-1982. விட்டது 31-5-2018.

ஓய்வுக்குப் பிறகு இரண்டு வருடம் எட்டு மாதம் வீட்டில் இருந்தார். அந்த நாட்களில் அவர் எண்ணாத பொருள் வீட்டில் எதுவும் இல்லை. குழம்பில் எத்தனை மீன் துண்டு விழுந்தது என்பதுவரை சொல்ல ஆரம்பித்ததும், மனைவி ஆலிஸ் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி அவருக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுத்தார். திருவொற்றியூரில் பழைய கிடங்கு ஒன்றை மாற்றிக் கட்டிய ஆராய்ச்சிக் கூடம். அங்கே ஒப்பந்த அடிப்படையில் ஸ்டோர் கீப்பர். சேர்ந்த நாள் 1-2-2021.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவரை ஸ்டோரிலிருந்து ஈ அறைக்கு மாற்றினார்கள். காரணம் வேடிக்கையானது. ஈ எண்ணிய மாணவர்களின் கணக்கு ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. ஒருமுறை செத்த ஈயும் உயிருள்ள ஈயும் சேர்த்துக் கூட்டினால், தொடக்கத்தில் இருந்ததைவிடப் பதினொன்று அதிகமாக வந்தது. கூடத்தின் தலைவர் டாக்டர் ஜெயவேல் தலையில் அடித்துக்கொண்டு, “எண்ணத் தெரிஞ்ச ஒரு ஆளு இந்தக் கட்டடத்துல இல்லையா?” என்று கத்தியபோது, லியோனார்ட் ஸ்டோர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “நான் கீறேன் சார்” என்றார்.

செய்தி வீட்டுக்கு வந்ததும் ஆலிஸ் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். “ரிட்டயர் ஆனவன்லாம் வூட்ல ஒக்காந்து ஈ ஓட்டுவான். எங்க வூட்டு ஆளு ட்ரெய்ன் ஏறிப் போயி ஓட்டிகினு வர்றாரு.”

ஈ அறையில் லியோனார்டைத் தவிர இரண்டு பேர். ஒருவர் பச்சையம்மா. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு குடியிருப்பிலிருந்து வருபவர். ஈக்களுக்குச் சாப்பாடு காய்ச்சுவது அவர் வேலை. சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், கடற்பாசித் தூள் எல்லாம் போட்டுக் கிளறி, கண்ணாடிக் குப்பிகளின் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு ஊற்றி ஆறவிட வேண்டும். கூழ் இறுகினால் ஈ நிற்கும். இளகினால் ஈயின் கால் மாட்டிக்கொள்ளும். இன்னொருவர் கார்குழலி. வியாசர்பாடிப் பெண், வயது இருபத்தொன்பது. ஐந்தாவது வருடமாக முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தாள். உதவித்தொகை மார்ச்சிலேயே நின்றுபோனது. டிசம்பர் 31-க்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அதற்குமுன் ஓர் ஆய்வுக் கட்டுரை அச்சுக்கு ஏற்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து வருடமும் தண்ணீரில் போனதுதான்.

எதை எண்ணுகிறோம் என்று தெரியாமல் லியோனார்டால் எண்ண முடியாது. முதல் நாளே கேட்டுவிட்டார்.

“சார், இந்த ஜீனுக்கு நம்ம லேப்ல வெச்ச பேரு ம-41” என்றாள் கார்குழலி. “இது ஒண்ணே ரெண்டு வேலை பாக்குது. உடம்புக்குள்ள கிருமி வந்தா அலாரம் அடிக்கிறது இது. கெட்டுப்போன செல்லைப் பாத்து, ‘நீ போதும், தானா செத்துரு’ன்னு அனுப்பி வெக்கிறதும் இதுதான்.”

“அப்டின்னா கேட்டு வாட்ச்மேனும் அவனே, கெட்டுப்போன சரக்கை கண்டம் பண்ணி வெளிய தள்ற இன்ஸ்பெக்டரும் அவனே.”

“அதேதான். நம்ம ஈக்கு அந்த ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. ஆளு இருக்கான், ஆனா கை வெளங்கல. கிருமி வந்தா அலாரம் அடிக்காது. கெட்ட செல்லும் சாகாம அங்கங்க தேங்கி நிக்கும். இப்ப கேள்வி இன்னான்னா, கிருமியே வராட்டியும் இந்த ஈ சீக்கிரமா செத்துருமா, மாட்டாதா?”

“உனக்கு எது வேணும்? சாவணுமா, வேணாமா?”

கார்குழலி சிரித்துவிட்டாள். “எனக்கு டிகிரி வேணும் சார். ஜெயவேல் சாருக்குத்தான் சாவணும்.”

ஆய்வின் முதல் பாதி ஜூன் மாதத்திலேயே முடிந்தது. கிருமிக் கரைசலில் தோய்த்த மெல்லிய ஊசியால் ஈக்களை லேசாகக் குத்த வேண்டும். சாதாரண ஈ நூறு, மாற்றமுள்ள ஈ நூறு. மூன்றாம் நாள் எண்ணியபோது சாதாரண ஈயில் எண்பத்தொன்று உயிரோடு இருந்தன. மாற்றமுள்ளதில் ஒன்பது. சுத்தமான ஊசியால் குத்திய மற்ற இரண்டு நூறில் தொண்ணூற்றேழும் தொண்ணூற்றாறும் பிழைத்திருந்தன. ஊசி குற்றவாளி இல்லை; வாட்ச்மேன் கை விளங்காததால் வந்த சாவுதான் என்று லியோனார்டுக்கே தெளிவாகப் புரிந்தது.

இரண்டாம் பாதிதான் ஜெயவேல் எதிர்பார்த்துக் காத்திருந்தது. யாரையும் குத்தாமல், ஈக்களைச் சும்மா வளர்த்து, எப்போது சாகின்றன என்று பார்ப்பது. மாற்றமுள்ள ஈ நானூறு, சூடு மாறாமல் வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டியின் கீழ்த் தட்டில். சாதாரண ஈ நானூறு, மேல் தட்டில். ஒரு குப்பிக்கு இருபது. மூன்று நாளுக்கு ஒருமுறை புதுக் கூழ் உள்ள குப்பிக்கு ஈக்களைத் தட்டி மாற்ற வேண்டும். மாற்றும்போதே எண்ண வேண்டும்.

லியோனார்ட் துறைமுகத்து முறையை அப்படியே கொண்டுவந்தார். கப்பல் தரப்பில் ஒருவர், துறைமுகத் தரப்பில் ஒருவர், இரண்டு பேரும் தனித்தனியே எண்ணி ஒத்துப்போனால்தான் அது கணக்கு. ஒற்றைக் கையெழுத்துள்ள தாளுக்கு மதிப்பில்லை. ஆகவே பச்சையம்மாவையும் எண்ண வைத்தார். ஓர் ஈக்கு ஒரு கோடு. நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது.

“நைனா, மூட்டைன்னா சொன்ன எடத்துல நிக்கும். இது என் மூக்கு மேல ஒக்காந்துகினு கீது. இதை எந்தக் கோட்டுல போட?” என்பார் பச்சையம்மா.

“மூக்கு மேல கீறது ஷார்ட்டு.”

குப்பியிலிருந்து தப்பிப் பறந்த ஈ ‘ஷார்ட்’, அதாவது குறைவு. கூழில் கால் ஒட்டி, புதுக் குப்பிக்கு மாற முடியாமல் மாட்டிக்கொண்டது ‘டேமேஜ்’, அதாவது சேதம். மாட்டாமல் தானாகச் செத்து விழுந்ததுதான் ‘சாவு’. தாளின் முன்பக்கத்தில் எத்தனை ஈ புதுக் குப்பிக்குப் போய்ச் சேர்ந்தது என்ற எண் மட்டும். சாவு, சேதம், குறைவு எல்லாம் தாளின் பின்பக்கத்தில். கப்பல் சரக்குக்கும் அவர் இருந்த ஷெட்டுகளில் அப்படித்தான்.

அந்தப் பின்பக்கத்தின் மேல் லியோனார்டுக்கு இருந்த மரியாதைக்கு ஒரு காரணம் உண்டு. 1996-இல் பால்பவுடர் ஏற்றிவந்த ஒரு கப்பலில் நாற்பத்திரண்டு மூட்டை கிழிந்து பாதியாக இருந்தன. இன்னாசி என்ற கூலியாளின் கூட்டம் கிழித்துத் திருடிவிட்டதென்று பழி வந்தது. லியோனார்டின் தாளைத் திருப்பினார்கள். கொக்கியில் தொங்கும்போதே கிழிந்திருந்தவை நாற்பத்திரண்டு என்று மணியோடு எழுதியிருந்தது. இன்னாசியின் வேலை தப்பியது. அதிலிருந்து லியோனார்ட் எந்தத் தாளை வாங்கினாலும் முதலில் திருப்பிப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகையைக்கூட.

ஜூலை மாதம் ஒரே இம்சை. மூன்று நாள் கணக்கில் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் பூசைக்குப் போய்விட்டு அப்படியே ரயிலடிக்கு ஓடினார். எறும்பு வந்தது, இன்குபேட்டரின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினார். கரண்ட் போயிற்று. ஜன்னலைத் திறந்தால் வள்ளூர் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. இங்கே இன்குபேட்டருக்குக் கரண்ட் இல்லை. 11-7 முதல் 24-7 வரை ஒன்பது முறை போனது. ஒவ்வொரு முறையும் போன மணி, வந்த மணி இரண்டையும் எழுதிவைத்தார். எழுதுவதைத் தவிர வேறெதுவும் அவர் கையில் இல்லை.

2-8-2022 செவ்வாய்க்கிழமை காலை ஈ அறைச் சுவரில் பெரிய வரைபடம் ஒன்று ஒட்டியிருந்தது. இரண்டு கோடுகள். சாதாரண ஈயின் கோடு மேலேயே நிதானமாகப் போயிற்று. மாற்றமுள்ள ஈயின் கோடு மாடிப்படியில் உருண்டதுபோல இறங்கியது. ஜெயவேல் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்துக்கொண்டிருந்தார்.

லியோனார்ட் மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டே வரைபடத்துக்குக் கீழே இருந்த சின்ன எழுத்தைப் படித்தார். இருபத்தொரு நாளில் செத்த மாற்றமுள்ள ஈக்கள்: 138. அவருக்குக் காது சூடாகிவிட்டது.

“இந்தாம்மா கார்குழலி, நூத்தி முப்பத்தெட்டு செத்துதுன்னு யாரு சொன்னது?”

“நீங்கதான் சார். நானூறுல ஆரம்பிச்சீங்க. எரநூத்தி அறுபத்திரண்டுல நிக்குது.”

“செத்தது பத்தொம்போது. ஒட்டிகினது நூத்திப் பதிமூணு. பறந்துட்டது ஆறு. பின்னாடி எழுதிக்கீறேனே, பாக்கல?”

“பின்னாடியா?”

அவள் கோப்பைப் பிரித்து ஒரு தாளைத் திருப்பினாள். இன்னொன்றைத் திருப்பினாள். எட்டையும் திருப்பி முடித்தபோது முகம் வெளுத்திருந்தது.

“பின்னாடி எதுக்கு சார் எழுதுனீங்க?”

“பின்ன எங்க எழுதுவாங்க?”

“முன்னாடி! பெருசா! கண்ணுல படுற மாதிரி!”

“எந்த டாலி ஷீட்டை வாங்குனாலும் மொதல்ல திருப்பிப் பாக்கணும்மா. எங்க ஷெட்டுல இன்னா பெரிய சூப்பர்வைசரா இருந்தாலும் திருப்பாம கையெழுத்துப் போட மாட்டான்.”

“நான் ஹார்பர்ல வேலை பாக்கல சார்! நான் ஸ்கேனர்ல வெச்சேன். வெச்ச பக்கம்தான் அதுக்குத் தெரியும்.”

“ரெண்டு பேரும் கத்தாதீங்க, ஈ பயந்துக்கப் போவுது” என்றார் பச்சையம்மா, மைசூர்பாகைக் கடித்துக்கொண்டே.

லியோனார்ட் நேரே ஜெயவேலின் அறைக்குப் போனார். ஜெயவேல் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அவர் காது கேட்க நினைத்ததை மட்டும் கேட்கும். “ஒட்டிக்கிட்ட ஈயும் செத்த ஈயும் ஒண்ணுதான் லியோனார்ட். எதுக்கு ஒட்டிக்குது? பலம் இல்லாததால. எதுக்குப் பலம் இல்ல? ஜீன் மாறினதால. சாதாரண ஈ எத்தனை ஒட்டிச்சு?”

“அஞ்சு சார்.”

“பாருங்க. அங்க அஞ்சு, இங்க நூத்திப் பதிமூணு. நீங்களே எனக்குச் சாட்சி சொல்றீங்க.”

“சாதாரண ஈயில செத்தது பதினேழு சார். இதுல பத்தொம்போது. அதுதான் கணக்கு.”

“சரி, எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க” என்றார் ஜெயவேல், பேச்சை முடிக்க.

எழுத்தில் கொடு என்று லியோனார்டிடம் சொன்னது ஜெயவேல் செய்த பெரிய தப்பு. மறுநாளே முதல் கடிதம் போயிற்று. இரண்டு அறைக்கும் நடுவே நாற்பதடி தூரம்தான். ஆனாலும் உறையில் போட்டு, தபால் பதிவேட்டில் ஏற்றி, எண் வாங்கிச் சேர்த்தார். பதில் வரவில்லை.

ஜெயவேல் கேட்ட கேள்வி மட்டும் லியோனார்டைத் தூங்கவிடவில்லை. ஒட்டியது பலவீனத்தால்தான் என்றால் தன்னிடம் என்ன பதில்? ஒன்றுமில்லை. அந்த எரிச்சலில் ஆலிஸிடம் மீன் குழம்பில் உப்பு இல்லை என்றார். “உப்பு பின்னாடி கீது, திருப்பிப் பாரு” என்றார் ஆலிஸ்.

பதில் பச்சையம்மாவிடம் இருந்தது. ஒரு வாரம் கழித்து, கூழ்ப் பாத்திரம் கழுவும்போது அவராகவே சொன்னார். “கீழ்த் தட்டு எப்பவுமே சொதசொதன்னுதான் நைனா கீது. கரண்ட்டு போயிப் போயி வரும்போது பொட்டிக்குள்ள பின்னாடி செவுரு வேர்த்து, தண்ணி கீழதான் எறங்குது. மேல் தட்டு கல்லு மாதிரி காஞ்சி கீது.”

லியோனார்ட் அப்படியே நின்றுவிட்டார். “இதை இத்தினி நாளா ஏன் சொல்லல?”

“சொன்னா? ‘உன் மாவு தண்ணி, கடல்பாசி கம்மியாப் போட்டே’ன்னு எம்மேல வரும். போன வருசம் பூஞ்சாளம் பூத்ததுக்கு யாரை வெரட்டப் பாத்தாங்க? உன்னியா, என்னியா?”

லியோனார்ட் நேரே தன் மேசைக்குப் போனார். கரண்ட் போன பட்டியலை எடுத்து ஈக் கணக்கின் பக்கத்தில் வைத்தார். 10-7 வரை இரண்டும் மூன்றுமாகக் குறைந்த எண், கரண்ட் போகத் தொடங்கிய 11-7-க்குப் பிறகு இருபதும் முப்பதுமாகக் குறைந்திருந்தது. இரண்டு பட்டியலையும் எழுதியது தன் கைதான். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஒரு மாதம் ஆகியிருக்கிறது. அன்றைக்கு அவருக்கு உலகத்திலேயே அதிக எரிச்சல் தன்மேல்தான்.

கார்குழலி இரண்டு வாரமாக அவரோடு பேசவில்லை. காலையில் வருவாள், ஈக்களைப் பார்ப்பாள், போவாள். ஜெயவேல் கட்டுரையை 10-8 அன்றே வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பிவிட்டார். அது ஏற்கப்பட்டால் அவளுக்கு டிகிரி. லியோனார்ட் இரண்டு பட்டியலையும் அவள் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். 19-8 வெள்ளிக்கிழமை அவளே வந்தாள்.

“தட்டை மாத்தி வெச்சிப் பாக்கலாம் சார். சாதாரண ஈ கீழ. நம்ம ஈ மேல. ஜூலைல கரண்ட் போன அதே கணக்குல நாமளே ஸ்விட்சை நிறுத்தி நிறுத்திப் போடுவோம்.”

“உனக்கு இது நல்லதில்லம்மா. தெரியுதுல்ல?”

“தெரியுது. ஒரு தடவ திருப்பிப் பாத்துட்டேன். இனிமே பாக்காத மாதிரி இருக்க வரல.” பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: “ஆனா உங்களை மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காதீங்க.”

22-8 அன்று தொடங்கி 12-9 அன்று முடித்தார்கள். லியோனார்ட் மணி பார்த்து ஸ்விட்சை நிறுத்தினார். பச்சையம்மா ஒவ்வொரு நாளும் கடற்பாசித் தூளை இரண்டு பேர் முன்னால் நிறுத்துக் காட்டிவிட்டுத்தான் பாத்திரத்தில் போட்டார். “நாளைக்கு யாரும் என்னியக் கேக்கக் கூடாது. இன்னா கார்குழலி, பாத்துக்கினியா? வாயத் தொறந்து சொல்லு, பாத்துக்கினேன்னு.”

“பாத்துக்கினேன்க்கா.”

கணக்கு வந்தது. கீழ்த் தட்டில் இருந்த சாதாரண ஈ: சேதம் 108, சாவு 18. மேல் தட்டில் இருந்த மாற்றமுள்ள ஈ: சேதம் 7, சாவு 20. ஜீனுக்கும் ஒட்டுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஈரத்துக்கும் ஒட்டுவதற்கும்தான் சம்பந்தம். கிருமி வந்தால் ம-41 கெட்ட ஈ மூன்று நாளில் செத்துப்போகிறது. கிருமி வராவிட்டால், அவர்கள் எண்ணிய அந்த நாட்களில் அதுவும் மற்ற ஈயைப்போலத்தான் இருக்கிறது. ஐந்து வருடத்தில் கார்குழலிக்குக் கிடைத்த உண்மை இவ்வளவுதான். சின்ன உண்மை.

அவள் சுவரிலிருந்த வரைபடத்தைக் கிழிக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். “படம் நல்லா இருந்திச்சு சார்” என்றாள். லியோனார்ட் தன் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

17-9-இல் இரண்டாம் கடிதம். 10-10-இல் மூன்றாவது. 14-11-இல் நான்காவது. ஒவ்வொன்றிலும் முந்தைய கடிதங்களின் எண்ணும் தேதியும் மேலே எழுதியிருந்தார். பதில் இல்லை. தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால் ஜெயவேல் கைபேசியைக் காதில் வைத்துக்கொள்வார். அது பலசமயம் அணைந்திருக்கும்.

21-11-2022 திங்கட்கிழமை, கார்குழலி ஈ அறைக்குள் ஓடிவந்தாள். “தாளெல்லாம் எடுத்துகினு வாங்க சார். அக்கா, நீங்களும்.”

ஜெயவேலின் அறையில் மேசைமேல் ஒரு தாள் இருந்தது. கட்டுரையைப் படித்துப் பார்த்த நிபுணர் ஒருவர் கேள்வி அனுப்பியிருந்தார். உணவில் ஒட்டிய ஈக்களையும் தப்பிய ஈக்களையும் எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டிருந்தார். முகம் தெரியாத ஒருவர், ஏதோ தேசத்தில் உட்கார்ந்துகொண்டு, தாளைத் திருப்பச் சொல்கிறார். அந்த ஆள் கண்டிப்பாக ஒரு துறைமுகத்துப் பக்கத்தில்தான் வளர்ந்திருக்க வேண்டும் என்று லியோனார்டுக்குத் தோன்றியது.

“‘குறிப்பிடும்படி எதுவும் இல்லை’ன்னு ஒரு வரி எழுதச் சொன்னேன். மாட்டேங்குறா” என்றார் ஜெயவேல். “லியோனார்ட், நீங்க ஸ்டோர் ஆளு. இதுல நீங்க தலையிடக் கூடாது.”

“எண்றது என் வேலை சார். நீங்களே குடுத்தது. நானும் பச்சையம்மாவும் எண்ணாததை எங்க ஷீட்டு பேரைச் சொல்லி அனுப்பாதீங்க. அவ்ளோதான்.”

“நான் கையெழுத்துப் போட்டுக்கீறேன் சார்” என்றார் பச்சையம்மா. “எனக்குப் படிப்பு நாலாவதுதான். ஆனா எண்ணினது எண்ணினதுதான்.”

ஜெயவேல் கார்குழலியைப் பார்த்தார். “இதைச் சொன்னா கட்டுரை திரும்பி வந்துரும். டிசம்பர் முப்பத்தொண்ணு உனக்குத் தெரியும்ல?”

“தெரியும் சார். படம் போவும். ஊசிக் கணக்கு இருக்கும். எண்பத்தொண்ணு, ஒம்போது. அது யாரு திருப்பிப் பாத்தாலும் அப்படியேதான் இருக்கும்.”

“அது சின்னக் கட்டுரைம்மா.”

“சின்னதாவே இருக்கட்டும் சார். கெட்டுப்போனதைத் தூக்கிப் போடாம வெச்சிகினு இருந்தா இன்னா ஆவும்னு அஞ்சு வருஷமா நாமதானே பாத்துகினு இருக்கோம்?”

ஜெயவேல் நெடுநேரம் நெற்றியைத் தேய்த்தார். அவர் பிழிந்துபோட்ட துணிபோல இருந்தார். அவருக்கும் அந்த ஒரு படத்தின்மேல் பல வருட ஆசை இருந்தது என்பது லியோனார்டுக்கு அப்போதுதான் உறைத்தது. “ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணி அனுப்பு” என்றார் கடைசியில். “மூணு பேரும் போங்க. கொஞ்ச நேரம் என் கண்ணு முன்னால நிக்காதீங்க.”

12-12-2022 அன்று கட்டுரை திரும்பி வந்தது. டிசம்பர் 31-க்கு ஆய்வேடு கொடுக்க முடியவில்லை. கெடு நீட்டிப்புக்காகக் கார்குழலி நாலு அலுவலகம் ஏறி இறங்கி, கடைசியில் மூன்று மாதம் வாங்கினாள். மார்ச் 31. சின்னக் கட்டுரையை 2-1-2023 அன்று வேறொரு ஆய்விதழுக்கு அனுப்பினாள். அதில் சாவு, சேதம், குறைவு மூன்றும் தனித்தனியாக இருந்தன. பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. தினமும் மூன்று முறை கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, யார்மேலாவது எரிந்து விழுந்தாள். பெரும்பாலும் லியோனார்ட்மேல்.

அந்த ஜனவரியில் லியோனார்ட் ஒரு காரியம் செய்தார். தாளைப் புதிதாகக் கோடு போட்டு, மூன்று பத்திகளையும் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தார். முப்பத்தைந்து ஆண்டு, ஒன்பது மாதம், பதினாறு நாளில் செய்யாத காரியம். பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தார். பச்சையம்மா புதுத் தாளைத் திருப்பிப் பார்த்தார். வெறுமையாக இருந்தது.

“அப்ப பின்னாடி இன்னா நைனா எழுதறது?”

“ஒண்ணும் எழுத வேணாம்.”

“நல்லா இல்லியே” என்றார் பச்சையம்மா. லியோனார்டுக்கும் அப்படித்தான் இருந்தது. அதை ஒத்துக்கொள்ள மனமில்லாமல், கோடு போடும் அளவுகோலைக் காணோம் என்று அறை முழுக்கத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

மார்ச்சில் ஒருநாள், தபால்காரர் கொண்டுவராமல், கூடத்தின் சொந்தத் தபால் பதிவேட்டில் எண் போட்டு, நாற்பதடி தூரத்திலிருந்து, உறையில் வந்தது ஒரு கடிதம். ஜெயவேல் கையெழுத்திட்டிருந்தார். 3-8-2022, 17-9-2022, 10-10-2022, 14-11-2022 தேதியிட்ட தங்கள் நான்கு கடிதங்களுக்கும் இதுவே பதில் என்று தொடங்கியது. கட்டுரை அச்சுக்கு ஏற்கப்பட்டுவிட்டது, கார்குழலியின் ஆய்வேடு மாத இறுதிக்குள் சமர்ப்பிக்கப்படும், எண்ணியவர்கள் என்று லியோனார்ட், பச்சையம்மா இருவர் பெயரும் கட்டுரையின் கடைசியில் இருக்கும் என்று மூன்று வரி.

ஆனால் அந்த மூன்று வரியை லியோனார்ட் இரண்டாவதாகத்தான் படித்தார். உறையைப் பிரித்ததும் வழக்கப்படி தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் கார்குழலியின் கையெழுத்தில் ஜூலை மாதக் கணக்கு முழுவதும் இருந்தது. சாவு 19, சேதம் 113, குறைவு 6. கீழே பச்சையம்மாவின் கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

லியோனார்ட் உட்கார்ந்து, பத்தொன்பதையும் நூற்றுப் பதின்மூன்றையும் ஆறையும் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். நூற்று முப்பத்தெட்டு. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, மேல் மூலையில் கடிதம் வந்த தேதியை எழுதினார்: 16-3-2023.